இயன் மெக்டொனால்டும் எம்.எஸ். நோயின் வெள்ளைப் புள்ளிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்காவுக்கு ஒரு நாள் காலையில் இடது கண்ணில் புகை படர்ந்ததுபோல் ஆகிவிட்டது. கண்ணைச் சுழற்றினால் உள்ளே வலித்தது. அடுப்படியில் தொங்கிய சிவப்புத் துண்டு வலது கண்ணுக்குச் சிவப்பாகவும் இடது கண்ணுக்கு வெளுத்த செங்கல் நிறத்திலும் தெரிந்தது. பத்து நாள் கழித்து மூளை ஸ்கேன் எடுத்தோம். "மெக்டொனால்ட் அளவுகோல் இன்னும் நிறைவேறவில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்போம்" என்றார் நரம்பியல் மருத்துவர். எம்.எஸ். என்ற நரம்பு நோயை உறுதிசெய்யும் விதிமுறை அது. அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

எங்கோ இருக்கும் ஒருவர் போட்ட கணக்குக்காக அக்காவின் ஆறு மாதம் ஏன் அந்தரத்தில் தொங்க வேண்டும் என்ற கோபத்தில்தான் அவருடைய கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அந்தக் கோபம் போய் மரியாதை வந்தது. அதன் பிறகு, வீட்டில் இந்த நோய் உள்ள பலர் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்ல. சிகிச்சை முடிவுகளை உங்கள் நரம்பியல் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

மெக்டொனால்ட் யார்?

வில்லியம் இயன் மெக்டொனால்ட், நியூசிலாந்தின் வெலிங்டனில் 1933இல் பிறந்தவர். டனீடினில் உள்ள ஒடாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார், அங்கேயே நரம்பு ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1960-களில் லண்டனுக்கு வந்தார். குயின் ஸ்கொயர் என்ற சின்னச் சதுக்கத்தில் 1859 முதல் நரம்பு நோய்களுக்கென்றே இயங்கிவரும் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதி அங்கேயும் அதை ஒட்டிய நரம்பியல் கழகத்திலும் கழிந்தது. 2006 டிசம்பரில் காலமானார்.

இன்று அவர் பெயர் ஓர் அளவுகோலின் பெயராக மட்டும் நிற்பது எனக்கு வருத்தம். அந்த அளவுகோல் அவர் நாற்பது ஆண்டு செய்த வேலையின் கடைசிப் படி. முந்தைய படிகளைத் தெரிந்துகொள்ளாமல் அதைப் படித்தால் வெறும் புள்ளி எண்ணும் கணக்காகத்தான் தெரியும்.

எம்.எஸ். என்றால் மூளையில் என்ன நடக்கிறது?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பதைச் சுருக்கி எம்.எஸ். என்கிறோம். நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு. மின்சார வயருக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையை நினைத்துக்கொள்ளுங்கள். உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகிய இடங்களில் புகுந்து அந்த உறையை அரித்துவிடுகின்றன. அரித்த இடம் பின்னால் இறுகித் தழும்பாகிறது. பாரிஸில் ஷார்கோ 1868இல் இந்தத் தழும்புகளை நோயாளிகளின் அறிகுறிகளோடு சேர்த்து விவரித்த பிறகுதான் இது தனி நோயாக நிலைபெற்றது. தழும்பு எந்த இடத்தில் விழுகிறதோ அந்த இடத்தின் வேலை கெடும். அதனால்தான் ஒருவருக்குக் கண் மங்குகிறது, இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகிறது, மற்றொருவருக்குச் சிறுநீர் அடக்க முடியாமல் போகிறது.

உறை போனால் கண் ஏன் இருட்டுகிறது? சில வாரத்தில் எப்படித் தானே தெளிகிறது?

மெக்டொனால்டின் முதல் கேள்வியே இதுதான். ஒடாகோவில் இருந்தபோது டிப்தீரியா நச்சைக் கொண்டு பூனையின் நரம்புகளில் உறையை மட்டும் சிதைத்து, உள்ளே இருக்கும் இழையைக் கெடுக்காமல், மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று அளந்தார். அந்த ஆய்வு 1963இல் வெளியானது. பிறகு லண்டனில் டாம் சியர்ஸ் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அதே கேள்வியைத் தண்டுவடத்தில் கேட்டார். அந்தக் கட்டுரை வந்தது 1970இல்.

உறை நிறையப் போன இடத்தில் செய்தி அடியோடு நின்றுவிடுகிறது, ஓரளவு போன இடத்தில் தட்டுத்தடுமாறி மெதுவாகப் போகிறது, அடுத்தடுத்து வேகமாகச் செய்திகள் வந்தால் இழையால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. இவைதான் அவர்கள் கண்டவை. இன்று பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துபோகும் விஷயம். ஆனால் அதுவரை 'தழும்பு இருக்கிறது, அதனால் கண் தெரியவில்லை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடைபட்டது திறக்கலாம், மெதுவானது மெதுவாகவே இருந்தாலும் வேலை நடக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இந்த அளவீடுகள்தான் அடித்தளம்.

வெயிலில் போய்விட்டு வந்தால் கண் மறுபடி மங்குகிறதே, புதிய தாக்குதலா?

பெரும்பாலும் இல்லை. உறை இழந்த இழை ஏற்கெனவே நூலிழையில்தான் வேலை செய்துகொண்டிருக்கும். உடம்பு சூடு கொஞ்சம் ஏறினாலும் அதில் செய்தி தடைபடும், குளிர்ந்ததும் திரும்ப ஓடும். ஜெர்மன் கண் மருத்துவர் ஊத்தாஃப் 1890இலேயே இதைக் குறித்துவைத்தார். ஆனால் மங்கல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

கறுப்பு வெள்ளைக் கட்டம் மாறிக்கொண்டே இருக்கும் திரையைப் பார்க்கச் சொல்கிறார்களே, அது என்ன சோதனை?

தலையின் பின்பக்கம் மின்முனை ஒட்டி, சதுரங்கப் பலகைபோல் கட்டங்கள் புரளும் திரையைப் பார்க்கவைப்பார்கள். கண் பார்த்த சேதி மூளையின் பின்பகுதிக்கு வந்துசேர எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பார்கள். சாதாரணமாக அந்த அலை 100 மில்லி விநாடி வாக்கில் வரும்.

குயின் ஸ்கொயரில் ஹாலிடே, மெக்டொனால்ட், மஷின் ஆகிய மூவரும் பார்வை நரம்பு அழற்சி வந்தவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்து 1972இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பாதித்த கண்ணிலிருந்து வந்த அலை தாமதமாக வந்தது. முக்கியமான விஷயம் இனிதான்: பார்வை முழுதாகத் திரும்பிய பிறகும் அந்தத் தாமதம் அப்படியே இருந்தது. எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படிக்கிற கண்ணிலும் பழைய அழற்சியின் தடயத்தை எடுத்துக்காட்ட முடிந்தது. பூனையின் நரம்பில் பார்த்த 'மெதுவான ஓட்டம்' மனிதக் கண்ணில் அகப்பட்டுவிட்டது.

அடுத்த ஆண்டே எம்.எஸ். நோயாளிகளுக்கு இதைச் செய்து பார்த்தார்கள். கண்ணில் ஒரு தொந்தரவும் வந்ததில்லை என்று சொன்னவர்களிலும் பலருக்குத் தாமதம் இருந்தது. நோய் சத்தமில்லாமல் வந்துபோயிருக்கிறது. நோயாளி சொல்வதும் மருத்துவர் தட்டிப் பார்ப்பதும் போதாது, உள்ளே நடப்பதைக் காட்டும் கருவி வேண்டும் என்ற எண்ணம் ஸ்கேன் வருவதற்குப் பத்து ஆண்டு முன்பே இங்கே விதைபோட்டுவிட்டது.

எம்.ஆர்.ஐ.யில் எம்.எஸ். புள்ளிகளை முதலில் பார்த்தது மெக்டொனால்டா?

இல்லை. லண்டனிலேயே இன்னொரு பக்கம், ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இயன் யங் குழு 1981இல் அதைச் செய்தது. 10 நோயாளிகள். சி.டி. ஸ்கேனில் அவர்களிடம் மொத்தமே 19 தழும்புகள்தான் தெரிந்தன. புதிய கருவி அவற்றையும் காட்டி, மேலும் 112 தழும்புகளைக் காட்டியது. நரம்பியல் உலகம் வாய்பிளந்து நின்றதில் வியப்பில்லை.

மெக்டொனால்ட் அந்த வியப்போடு நிற்கவில்லை. பிரிட்டனின் எம்.எஸ். சங்கம் பணம் கொடுக்க, இந்த ஒரு நோயை ஆராய்வதற்கென்றே 1984இல் குயின் ஸ்கொயரில் ஸ்கேன் பிரிவு தொடங்கியது. நோயாளிகளும் குடும்பத்தாரும் உண்டியல் குலுக்கிச் சேர்த்த பணத்தில் இயங்கும் சங்கம் அது. கருவியின் காந்த வலிமை 0.5 டெஸ்லாதான். இன்று நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில்கூட 1.5 அல்லது 3 டெஸ்லா இருக்கிறது. அந்தப் பிரிவில் வேலை செய்த டேவிட் மில்லரும் நியூசிலாந்துக்காரர். பின்னாளில் அந்தப் பிரிவை நடத்தியவர் அவர்தான்.

படத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளி என்றால் என்ன?

தண்ணீர். உறை கரைந்து, அழற்சியால் வீங்கி, தண்ணீர் அதிகமான இடம், டி2 என்ற எம்.ஆர்.ஐ. பட வகையில் வெள்ளையாகத் தெரியும். அது நேற்று வந்ததா பத்து ஆண்டுக்கு முன் வந்ததா என்று அந்த வெள்ளை சொல்லாது. எம்.எஸ். நோயா, முதுமையா, மைக்ரேன் தலைவலியா, ரத்த அழுத்தமா என்றும் தன்னந்தனியாகச் சொல்லாது. ரிப்போர்ட்டில் 'வெள்ளைப் புள்ளிகள்' என்று படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பிறகு எதைப் பார்த்து எம்.எஸ். என்கிறார்கள்?

புள்ளி எந்த இடத்தில், எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். மூளைக்குள் திரவம் நிற்கும் அறைகளின் ஓரத்தில், அந்த அறைக்குச் செங்குத்தாக முட்டை வடிவில் நிற்கும் புள்ளிகள் இந்த நோய்க்கு ஒத்தவை. அவை சின்னச் சிரைகளைச் சுற்றி உருவாவதால்தான் அந்த வடிவம். எடின்பரோவின் ஜேம்ஸ் டாசன் 1916இல் இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து அதை விவரித்தார். மூளையின் மேற்பட்டையை ஒட்டிய புள்ளி, மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் இருக்கும் புள்ளி, தண்டுவடத்தில் இருக்கும் புள்ளி ஆகியவற்றுக்கும் எடை அதிகம். தண்டுவடத்துப் புள்ளி வயதானதால் மட்டும் வருவதில்லை என்பதால் சந்தேகமான நேரத்தில் அது பெரிதும் உதவுகிறது.

கான்ட்ராஸ்ட் ஊசி எதற்கு?

கடோலினியம் கலந்த மருந்தைக் கையின் ரத்தக்குழாயில் செலுத்துவார்கள். மூளை ரத்தக்குழாய்களின் சுவர் இறுக்கமானது, அந்த மருந்தை வெளியே விடாது. புதிதாக அழற்சி மூண்ட இடத்தில் சுவர் நெகிழ்ந்து மருந்து கசியும், படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் சில வாரங்களில் கசிவு நின்றுவிடும். ஆகவே பளிச்சிடும் புள்ளி புதிது, பளிச்சிடாதது பழையது. அசையாப் படத்துக்குள் காலம் நுழைந்த இடம் இதுதான்.

மில்லரும் மெக்டொனால்டும் சகாக்களும் ஒரே நோயாளிகளை அடுத்தடுத்து ஊசி போட்டுப் படமெடுத்து 1988இல் எழுதினார்கள். 1990இல் வந்த இன்னொரு கட்டுரை இன்னும் ஒரு படி உள்ளே போனது. சுவர் நெகிழ்வது முதலில் நடக்கிறது, டி2 படத்துப் புள்ளியும் அறிகுறியும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன என்று காட்டியது. தொடர்ந்து படமெடுத்தபோது வேறொன்றும் தெரிந்தது. நோயாளிக்கு ஒரு தாக்குதல் வரும் காலத்துக்குள் அவருக்கே தெரியாமல் ஐந்து முதல் பத்துப் புதிய புள்ளிகள்வரை வந்துவிடுகின்றன. 'இரண்டு ஆண்டாக ஒன்றும் இல்லை, நோய் போய்விட்டது' என்று மருந்தை நிறுத்துகிறவர்கள் இதைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1991இல் வந்த ஆய்வு. பார்வை நரம்பு அழற்சியோடு வந்தவர்களுக்குக் கடோலினியப் படமும் எடுத்தார்கள், சதுரங்கக் கட்டச் சோதனையும் செய்தார்கள். நரம்பில் கசிவு இருந்தபோது பார்வை மங்கியிருந்தது, மூளைக்கு வந்த அலையும் சிறுத்திருந்தது. கசிவு நின்றபோது பார்வை தெளிந்தது, அலையின் உயரம் திரும்பியது. தாமதம் மட்டும் போகவில்லை. கண்ணை இருட்டாக்கியதில் உறை இழப்போடு அழற்சிக்கும் பங்கு இருக்கிறது, அழற்சி அடங்கியதும் ஓட்டம் திரும்புகிறது, உறை போன தடம் தாமதமாகத் தங்கிவிடுகிறது. 1963இல் பூனையின் நரம்பில் தொடங்கிய கேள்விக்கு உயிரோடு இருக்கும் மனிதரிடம், அவரை வெட்டாமல் கொள்ளாமல், பதில் கிடைத்துவிட்டது. அந்தக் கட்டுரையைப் படித்த அன்றுதான் அக்காவின் கண் ஏன் ஐந்து வாரத்தில் தெளிந்தது என்று எனக்குப் புரிந்தது.

(சிறுநீரகம் பழுதானவர்கள் இந்த ஊசிக்கு முன்பு கட்டாயம் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டால் மருந்தின் சிறு அளவு மூளையில் தங்குவது தெரிந்த பிறகு, இப்போது ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஊசி போடுவதில்லை.)

முதல் தாக்குதல் வந்திருக்கிறது, ஸ்கேனில் புள்ளிகளும் இருக்கின்றன. எம்.எஸ். உறுதியா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். இதற்கு உலகம் இன்று சொல்லும் பதிலில் பெரும்பங்கு குயின் ஸ்கொயரிலிருந்து வந்தது.

1980-களின் நடுவில், கண்ணிலோ மூளைத்தண்டிலோ தண்டுவடத்திலோ முதன்முறையாகத் தாக்குதல் வந்தவர்களைச் சேர்த்து ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு 5 ஆண்டு, 10 ஆண்டு, 14 ஆண்டு, 20 ஆண்டு என்று அதே ஆட்களைத் திரும்ப அழைத்துப் பார்த்தார்கள். 14 ஆண்டு கழித்து எடுத்த கணக்கு 2002இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. அப்போது பார்க்க முடிந்தவர்கள் 71 பேர். முதல் படத்தில் புள்ளிகள் இருந்த 50 பேரில் 44 பேருக்கு எம்.எஸ். உறுதியானது, அதாவது 88 சதவீதம். படம் சுத்தமாக இருந்த 21 பேரில் 4 பேருக்குத்தான் வந்தது, 19 சதவீதம். 20 ஆண்டு கழித்து 107 பேரைப் பார்த்தபோது அந்த இரண்டு எண்களும் 82, 21 என்று நின்றன. அந்தக் கட்டுரை 2008இல் வந்தது, மெக்டொனால்ட் அப்போது உயிரோடு இல்லை.

இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு பயப்படுவதற்கு முன் சில விஷயங்களைக் கவனியுங்கள். இவர்கள் லண்டனில் சேர்த்த சில டஜன் பேர். எம்.எஸ். அதிகம் உள்ள வட ஐரோப்பிய நாட்டில் வாழ்ந்தவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் ஆய்வில் சேர்ந்தபோது இந்த நோயின் போக்கை மாற்றும் மருந்து ஒன்றுகூட இல்லை. அது மருந்தில்லாக் காலத்துக் கணக்கு. அப்படியிருந்தும், நோய் உறுதியானவர்களில் கணிசமானோர் 20 ஆண்டுக்குப் பின்னும் லேசான பாதிப்போடு தாமாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 20 ஆண்டுக்குப் பிறகு கடிதம் போட்டுக் கூப்பிட்டால் திரும்பி வந்து, அந்த இரைச்சலான குழாய்க்குள் மறுபடி படுத்த மனிதர்கள் இல்லையென்றால் இந்தக் கட்டுரைகள் இல்லை. அதில் பலருக்கு அதனால் நேரடியாக ஒரு பயனும் கிடையாது.

மெக்டொனால்ட் அளவுகோல் என்பது என்ன?

எம்.எஸ். என்று சொல்ல இரண்டு விஷயங்கள் வேண்டும் என்பது பழைய விதி. நரம்பு மண்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் நோய் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட காலத்தில் அது வந்திருக்க வேண்டும். இடப் பரவல், காலப் பரவல் என்று வைத்துக்கொள்வோம். 1983இல் வந்த போசர் விதிகளின்படி பெரும்பாலும் இரண்டாவது தாக்குதல் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது இரண்டு மாதத்திலும் வரலாம், பத்து ஆண்டிலும் வரலாம்.

2000ஆம் ஆண்டு ஜூலையில் லண்டனில் கூடிய பன்னாட்டு நிபுணர் குழுவுக்கு மெக்டொனால்ட் தலைவர். அவர்களின் பரிந்துரை 2001இல் வெளிவந்தது. தாக்குதல் ஒன்றுதான் வந்திருந்தாலும், ஸ்கேனில் குறிப்பிட்ட இடங்களில் புள்ளிகள் இருந்து, மூன்று மாதமோ அதற்கு மேலோ கழித்து எடுத்த படத்தில் நோய் புதிதாக மூண்டிருப்பது தெரிந்தால், இரண்டாவது தாக்குதலுக்குக் காத்திருக்க வேண்டாம் என்றது அது. உடம்பு இன்னொரு அடி வாங்குவதற்கு முன் நோயின் பெயரைச் சொல்ல வழி பிறந்தது. 1990-களில் மருந்துகள் வந்துவிட்டிருந்ததால் அந்த அவசரத்துக்கு அர்த்தமும் இருந்தது.

பிறகு 2005, 2010, 2017, 2024 என்று திருத்திக்கொண்டே வந்தார்கள். 2010இல், பளிச்சிடும் புள்ளியும் பளிச்சிடாத புள்ளியும் ஒரே படத்தில் இருந்தாலே காலப் பரவலுக்குப் போதும் என்றானது. 2017இல், முதுகில் ஊசி போட்டு எடுக்கும் திரவத்தில் குறிப்பிட்ட எதிர்ப்புரதப் பட்டைகள் தெரிந்தால் அதையும் காலப் பரவலுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். தொடக்கத்திலிருந்து மாறாத நிபந்தனை ஒன்று உண்டு: வேறு நோயால் இதை விளக்க முடியக் கூடாது. ரிப்போர்ட்டில் அச்சாகாத அந்த ஒரு வரிதான் மருத்துவரின் உண்மையான வேலை.

2024 திருத்தத்தில் என்ன புதிது?

முன்பு சொன்ன நான்கு இடங்களோடு பார்வை நரம்பு ஐந்தாவது இடமாகச் சேர்ந்திருக்கிறது. ஐந்தில் நான்கு இடங்களில் நோய் தெரிந்தால் காலப் பரவலைத் தனியாக நிரூபிக்கவே வேண்டாம். புள்ளியின் நடுவில் சிரை ஓடுகிறதா, புள்ளியின் விளிம்பில் இரும்புச்சத்துள்ள வளையம் இருக்கிறதா என்று சிறப்புப் படங்களில் பார்ப்பதற்கும் இடம் தந்திருக்கிறார்கள். பார்வை நரம்பு பாதித்ததை எம்.ஆர்.ஐ. மூலமோ, விழித்திரையின் தடிமனை அளக்கும் ஓ.சி.டி. சோதனை மூலமோ, அந்தச் சதுரங்கக் கட்டச் சோதனை மூலமோ காட்டலாம். 1972இல் மெக்டொனால்ட் கைவைத்த சோதனை, அவர் பெயர் தாங்கிய அளவுகோலுக்குள் அரை நூற்றாண்டு கழித்து இப்படி வந்து சேர்ந்தது எனக்குத் தனி மகிழ்ச்சி.

தலைவலிக்காக எடுத்த ஸ்கேனில் புள்ளிகள் வந்தால்?

இந்த அளவுகோல் முதலில் எழுதப்பட்டது எம்.எஸ். போன்ற தாக்குதலோடு வந்தவர்களுக்கு. வெறும் தலைவலி, கிறுகிறுப்பு, சோர்வு என்று வந்தவரின் படத்தில் அதைப் பொருத்திப் பார்த்தால் தவறான முடிவு வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் மைக்ரேன் புள்ளிகளுக்கு எம்.எஸ். என்று பெயர் வாங்கி, இரண்டு ஆண்டு ஊசி போட்டுக்கொண்டார். இன்னொரு மருத்துவர் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் நிறுத்தினார். அறிகுறி இல்லாமலே எம்.எஸ். போன்ற புள்ளிகள் இருப்பவர்களும் உண்டு. 2024 திருத்தம் அவர்களில் சிலரை எம்.எஸ். என்றே கொள்ளலாம் என்கிறது, ஆனால் நிபந்தனைகள் கடுமை. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்றும் சொல்கிறது.

நம் ஊர் நோயாளிகளுக்கு இது பொருந்துமா?

பொருந்தும், ஒரு பெரிய எச்சரிக்கையோடு. ஆசிய நாடுகளில் கண்ணும் தண்டுவடமும் மட்டும் கடுமையாகத் தாக்கப்படும் நோயை நெடுங்காலம் எம்.எஸ். நோயின் ஆசிய வடிவம் என்றே நினைத்தார்கள். 2004இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் குழு ஓர் எதிர்ப்புரதத்தைக் கண்டுபிடித்தது. அது நரம்பணுக்களைச் சூழ்ந்த செல்களில் இருக்கும் அக்வாபோரின்-4 என்ற நீர்க்கால்வாயைத் தாக்குவது பின்னர் தெரியவந்தது. அந்த 'ஆசிய எம்.எஸ்.' பெரும்பாலும் நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறு நோய் என்பதும் தெளிவானது. எம்.எஸ். நோய்க்குத் தரும் சில மருந்துகள் அந்த நோயை மோசமாக்கும். ஆகவே இரண்டு கண்ணும் ஒருசேரப் பாதித்தால், தண்டுவடத்தில் நீளமான தழும்பு தெரிந்தால், நிற்காத விக்கலும் வாந்தியும் வந்தால் அந்த ரத்தப் பரிசோதனை அவசியம். மயலின் உறையின் ஒரு புரதத்தைத் தாக்கும் மாக் (MOG) எதிர்ப்புரதம், வைட்டமின் பி12 குறைபாடு, மூளைக் காசநோய் ஆகியவற்றையும் நம் ஊரில் விலக்கிவிட்டுத்தான் எம்.எஸ். என்ற முடிவுக்கு வர வேண்டும்.

படத்தில் நிறையப் புள்ளிகள், ஆனால் ஆள் ஓடியாடி வேலை செய்கிறார். இன்னொருவருக்குப் புள்ளி குறைவு, அவர் சக்கர நாற்காலியில். ஏன்?

இது மெக்டொனால்டையும் சகாக்களையும் விடாமல் தொந்தரவு செய்த முரண். புள்ளி விழுந்த இடம் ஒரு காரணம். மூளையின் முன்பகுதியில் பத்துப் புள்ளிகளைத் தாங்கிக்கொள்ளலாம், தண்டுவடத்தில் ஒன்றே காலை முடக்கலாம். டி2 வெள்ளை, வெறும் வீக்கத்தையும் நிரந்தர அழிவையும் ஒரே மாதிரி காட்டுவது இன்னொரு காரணம். அழிந்தது உறை மட்டுமா, உள்ளே இருக்கும் இழையுமா என்பதுதான் கடைசியில் கணக்கு.

அதைப் பார்க்க அவர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள். நரம்பணுக்களில் மட்டும் இருக்கும் ஒரு வேதிப்பொருளின் அளவைக் காந்தக் கருவியாலேயே அளந்து, சிறுமூளை பாதித்து நடை தள்ளாடுபவர்களிடம் அது குறைந்திருப்பதை 1995இல் காட்டினார்கள். கழுத்தின் உச்சியில் தண்டுவடத்தின் குறுக்குப் பரப்பை அளந்தபோது, அது மெலிய மெலிய உடல் இயலாமை கூடுவதை அந்தக் குழுவின் லாசஃப் 1996இல் எழுதினார். இழைகள் உண்மையிலேயே அறுந்துபோகின்றன, அதுவும் நோயின் ஆரம்பத்திலேயே என்பதை 1998இல் அமெரிக்காவின் புரூஸ் டிராப் மூளைத் திசுவில் நேரடியாகக் காட்டினார். ஆகவே 'எத்தனை புள்ளி' என்று எண்ணிக்கொண்டிருப்பதால் உங்களுக்குப் பயன் குறைவு. புதிதாக வருகிறதா, தண்டுவடத்தில் இருக்கிறதா, மூளை சுருங்குகிறதா என்று கேளுங்கள்.

இந்த ஆய்வுகளால் மருந்துக்கு என்ன பயன்?

தாக்குதல் எப்போது வரும் என்று காத்திருந்து மருந்தைச் சோதித்தால் நூற்றுக்கணக்கான ஆட்களும் பல ஆண்டுகளும் வேண்டும். புள்ளிகள் அதிகமாக வருவதால் அவற்றை வைத்துச் சில மாதங்களில் ஒரு முன்னோட்டம் கிடைத்துவிடும். 1993இல் முதல் மருந்தான இன்டர்பெரான் பீட்டா அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது வான்கூவர் குழுவின் ஸ்கேன் கணக்கு அதற்குப் பெரிய பலமாக இருந்தது. டேவிட் மில்லர் தலைமையில் நடாலிசுமாப் மருந்தை 213 பேரிடம் சோதித்த முடிவு 2003இல் வந்தது. ஆறு மாதத்தில் புதிதாகப் பளிச்சிட்ட புள்ளிகள், மருந்தில்லாத ஊசி போட்டவர்களிடம் சராசரி 9.6. மருந்து போட்டவர்களிடம் அளவைப் பொறுத்து 0.7, 1.1.

மெக்டொனால்டே மூளை நோயாளி ஆனார் என்பது உண்மையா?

உண்மை. அவர் பியானோ வாசிப்பார், இசை அவருக்கு உயிர். 2004இல் சிறிய பக்கவாதம் வந்து, இசைக் குறிப்புகளைப் படிக்கும் திறன் போய்விட்டது.  அவர் தன்னையே நோயாளியாக வைத்து என்ன போனது, என்ன மிஞ்சியது என்று கவனித்து, மாதக்கணக்கில் பயிற்சி செய்து, பெரும்பகுதியை மீட்டார். அந்த அனுபவத்தைத் தான் முன்பு ஆசிரியராக இருந்த பிரெய்ன் என்ற நரம்பியல் இதழில் 2006இல் எழுதினார். அதே ஆண்டு இறுதியில் போய்விட்டார். மற்றவர்களின் மூளைகளை அளந்தே வாழ்ந்தவர், தன் மூளையையும் அதே நேர்மையோடு அளந்திருக்கிறார். அவர் எழுதியவற்றில் ஒன்றைத்தான் படிக்க நேரம் என்றால் அதைப் படியுங்கள்.

பழைய ஸ்கேன் பதிவான குறுந்தகடுகளை வைத்திருக்க வேண்டுமா? ரிப்போர்ட் தாள் போதாதா?

போதாது. புதிய புள்ளி எது என்று சொல்ல மருத்துவருக்குப் பழைய படமே வேண்டும். முடிந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே சென்டரில், ஒரே மாதிரி படங்களாக எடுக்கச் சொல்லுங்கள். குறுந்தகட்டில் கீறல் விழும், கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி வையுங்கள். அக்காவின் ஆறு மாதப் படத்தில் தண்டுவடத்தில் ஒரு புதுப் புள்ளி இருந்தது, மருந்து அன்றே முடிவானது. அதன் பிறகு எடுத்த ஐந்து படங்களிலும் புதிதாக ஒன்றும் இல்லை. எல்லாம் தேதி எழுதி, அவள் புடவை அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.